44 சதவீதத் தீர்வை, போன் முழுக்கச் சிவப்பு: விற்கவா, இருக்கவா?

கல்லடிப்பாலம் | 7 ஏப்ரல் 2025, பகல் 12.10

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் சீட்டுக் காசும் பழைய மோட்டார் சைக்கிள் விற்ற காசுமாக ஆறு இலட்சத்தைப் பங்கில் போட்டேன். இரண்டு வங்கிப் பங்கு, ஒரு ஆடை ஏற்றுமதிக் கம்பெனி. கூட்டாளி ஒருவன் சொல்லித்தான் போட்டேன், அவன் இப்போது போன் எடுக்கிறான் இல்லை. இன்று காலை கந்தோரில் மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தால் எல்லாம் சிவப்பு. திடீரென்று ஒன்றுமே அசையவில்லை. ஆப் பழுது என்று நினைத்து இரண்டு தரம் அழித்துவிட்டுப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, கொழும்புப் பங்குச் சந்தையே அரை மணித்தியாலம் வியாபாரத்தை நிறுத்தியிருக்கிறது.

அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் பலகையைத் தூக்கிப் பிடித்து, அங்கே போகிற இலங்கைச் சாமானுக்கு 44 சதவீதம் தீர்வை என்று காட்டியது 2ஆம் திகதி. தீர்வை 9ஆம் திகதிதான் தொடங்குமாம். இன்னும் ஒரு சதம்கூட வாங்கவில்லை. பிறகு ஏன் இப்போதே விழுகிறது? சரி, ஆடைக் கம்பெனி விழட்டும், அதில் நியாயம் இருக்கிறது. என் வங்கிப் பங்கு என்ன பாவம் செய்தது? வங்கி அமெரிக்காவுக்குச் சட்டையா தைக்கிறது?

வங்கிக்காரன் (ஓய்வில்) | 7 ஏப்ரல், பகல் 12.55

தம்பி, முதலில் போனை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

நிறுத்தியது பழுது இல்லை, விதி. கொழும்பின் பெரிய இருபது பங்குகளை வைத்துப் போடுகிற எஸ் அன்ட் பி ஸ்ரீலங்கா 20 சுட்டெண் முதல் நாள் முடிவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் 30 நிமிடம் பூட்டுவார்கள். ஆட்கள் மூச்சு விடத்தான். நாங்கள் மட்டும் இல்லை, இன்று ஹொங்கொங் 13 சதவீதம் விழுந்திருக்கிறது. 1997க்குப் பிறகு அங்கே இப்படி ஒரு நாள் இல்லை. வெள்ளிக்கிழமையோடு அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளின் சுட்டெண்ணான எஸ் அன்ட் பி 500 இரண்டே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தது.

ஏன் இப்போதே என்று கேட்டீர்கள். சீட்டுக் காசு என்கிறபடியால் சீட்டிலேயே சொல்கிறேன். இருபது பேர், ஆளுக்குப் பத்தாயிரம், கழிவுச் சீட்டு: கூடக் கழிவு விடுகிறவருக்கு அந்த மாதக் காசு. வழமையாக அவசரக்காரர் ஒருவர் 15,000 கழிவு விட்டு எடுப்பார். ஒருநாள் ஒரு கதை வருகிறது, சீட்டுப் பிடிக்கிற அம்மாவின் மகன் வீட்டை விற்றுவிட்டுக் கனடா போகப்போகிறானாம் என்று. அந்த அம்மா ஒரு சதமும் எடுக்கவில்லை. கதை பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் கழிவு 60,000 போகும். எல்லோருக்கும் முன்னுக்கு எடுக்க வேண்டும். இரண்டு இலட்சம் அதே இரண்டு இலட்சம்தான், ஆனால் கைக்கு வருகிறது ஒரு இலட்சத்து நாற்பதாயிரம்.

பங்கு விலையும் அப்படித்தான். ஒரு கம்பெனி இனி வரும் வருடங்களில் உழைக்கப்போகும் காசில், அது வருமோ வராதோ என்ற பயத்துக்கு ஒரு கழிவைப் போட்டு இன்று விலை பேசுகிறார்கள். தீர்வை உழைப்பைக் குறைக்கும், அது ஒரு அடி. அந்த 44 நிற்குமா, குறையுமா, நாளைக்கு 60 ஆகுமா என்று தெரியாதது கழிவைக் கூட்டும், அது இரண்டாவது அடி. இன்று நீங்கள் பார்க்கிற சிவப்பில் பெரும்பங்கு இரண்டாவதுதான்.

வங்கிப் பங்கு விழுகிறதற்கு இரண்டு காரணம். ஆடைக் கம்பெனிக்குக் கடன் கொடுத்ததும் அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு லீசிங் கொடுத்ததும் வங்கிதான். மற்றது, கடனுக்குப் பங்கு வாங்கியவர்களிடம் விலை விழுந்ததும் தரகர் காசு கட்டச் சொல்லுவார். அப்போது அவர்கள் விற்க விரும்புகிறதை விற்க மாட்டார்கள், விற்கக்கூடியதை விற்பார்கள். வாங்க ஆள் இருக்கிற பங்கு வங்கிப் பங்குதான்.

நீங்கள் கடனுக்கு வாங்கவில்லைத்தானே?

கல்லடிப்பாலம் | 7 ஏப்ரல், பகல் 1.20

இல்லை சேர். மனுசிக்குச் சொல்லாமல்தான் வாங்கினேன், அது வேறு பிரச்சினை.

தோஹாவிலிருந்து | 7 ஏப்ரல், பின்னேரம் 4.40

அந்த 44 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்னும் கோபம் வரும். இலங்கை அமெரிக்காவுக்கு விற்கிறது வருடத்துக்கு ஏறக்குறைய 300 கோடி டொலர். அங்கிருந்து நாங்கள் வாங்குகிறது 40 கோடிக்கும் குறைவு. இடைவெளியை விற்பனையால் வகுத்தால் 88 சதவீதம். அதில் பாதி 44. அவ்வளவுதான் கணக்கு. எங்கள் சுங்கத்தில் யார் என்ன தீர்வை கட்டுகிறார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஓ.எல். சோதனை எழுதுகிற பிள்ளை செய்யக்கூடிய கணக்கு.

இப்படி வந்த இலக்கத்தோடு எந்தக் கம்பெனி திட்டம் போடும்? காரணம் உள்ள இலக்கம் என்றால் அந்தக் காரணத்தைச் சரிசெய்யலாம்.

தையல்மெஷின் | 7 ஏப்ரல், இரவு 9.15

நான் பங்கு வாங்குகிற ஆள் இல்லை. ஏறாவூர்ப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் பதினொரு வருடம். இழையில் எல்லோரும் ஆடைக் கம்பெனி, ஆடைக் கம்பெனி என்கிறபடியால் உள்ளே இருந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையே கட்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஓடருக்கு வந்த துணி றோல் றோலாகக் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கிறது. வெட்டினால் அது ஓடர் தந்த பையருடைய (வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியுடைய) சட்டை, வேறு ஒருவருக்கும் விற்க முடியாது. வெட்டாவிட்டால் துணி துணியாகவே இருக்கும், திருப்பி யோசிக்கலாம். அதனால்தான் வெட்ட விடவில்லை. எங்கள் லைனுக்கு இன்று பழைய ஓடரில் மிச்சம் கிடந்ததைத் தந்தார்கள். டார்கெட் கேட்டு சுப்பவைசர் கத்தவே இல்லை. பதினொரு வருடத்தில் அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சித்திரை வருடப்பிறப்புக்கு இன்னும் ஒரு கிழமை. போனஸ் வரும் என்கிறார்கள், ஓட்டி (மேலதிக நேர வேலைக் காசு) இல்லை.

நெல்லுக்கணக்கு | 7 ஏப்ரல், இரவு 10.05

தங்கச்சி சொன்ன வெட்டாத துணிக் கதை எனக்கு நல்லாய் விளங்குது. அக்கரைப்பற்றில் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் வயல்.

2021 சித்திரையில் இரசாயனப் பசளை இனி இல்லை என்று அரசாங்கத்தில் ஒரு பேச்சில் சொன்னார்கள், மே மாதம் வர்த்தமானி வந்தது. கார்த்திகையில் தடையை எடுத்துவிட்டோம் என்றார்கள். இடையில் வருகுதாம், வராதாம், தனியார் கொண்டு வரலாமாம், சேதனப் பசளை கப்பலில் நிற்குதாம். பசளை மூடை 1,500 ரூபாயிலிருந்து பத்தாயிரம் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால்கூட நான் பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்த்திருப்பேன். ஆறு ஏக்கர் விதை, ஆறு ஏக்கர் விடு என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். ஒன்றும் தெரியாமல் முழுக்க விதைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் பூத்த பயிர். வாப்பா காலத்திலும் அப்படி ஒரு அறுவடை காணவில்லை.

சந்தையோ வயலோ, முன்கூட்டிச் சொன்னால் ஆள் சமாளிப்பான் என்றுதான் சொல்ல வந்தேன். நீளமாகிவிட்டது.

மருதமுனைத்தறி | 7 ஏப்ரல், இரவு 10.30

நானா, நீங்கள் பென்சிலை எடுத்தால் கணக்கு முடிய அறுவடை வந்துவிடும்.

கல்லடிப்பாலம் | 10 ஏப்ரல் 2025, காலை 8.05

சேர், என்னை ஏச வேண்டாம். 8ஆம் திகதி காலை ஆடைப் பங்கை விற்றுவிட்டேன். 31,000 நட்டம். வங்கிப் பங்கை மட்டும் வைத்திருக்கிறேன். இன்று விடியப் போனை எடுத்தால் ட்ரம்ப் 90 நாளைக்கு ஒத்திவைத்துவிட்டாராம், சீனாவைத் தவிர எல்லோருக்கும் 10 சதவீதம்தானாம். எஸ் அன்ட் பி 500 ஒரே நாளில் ஒன்பதரை சதவீதம் ஏறியிருக்கிறது. விற்ற காசே இன்னும் கைக்கு வரவில்லை, இரண்டு நாள் எடுக்குமாம். இனிச் சந்தை திறக்க என் பங்கு இன்னொருவன் கையில் ஏறும்.

மருதமுனைத்தறி | 10 ஏப்ரல், காலை 8.20

வாழ்த்துகள். மனுசிக்கு வருடப்பிறப்புச் சாரி எங்களிடம் எடுங்கள், கைத்தறி, தீர்வை இல்லை.

வங்கிக்காரன் (ஓய்வில்) | 10 ஏப்ரல், காலை 9.40

ஏசவில்லை தம்பி. 7ஆம் திகதி அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். காலையில் "90 நாள் ஒத்திவைப்பு" என்று ஒரு பொய்க் கதை பரவியது. சில நிமிடத்தில் சந்தை விழுந்த இடத்திலிருந்து 8 சதவீதம் அளவுக்கு எழும்பியது. வெள்ளை மாளிகை மறுத்ததும் திரும்ப விழுந்தது. எழுந்ததும் விழுந்ததும் ஒரு மணித்தியாலத்துக்குள். தீர்வை மாறவில்லை, ஒரு தொழிற்சாலையும் மூடவில்லை, திறக்கவுமில்லை. கழிவு மட்டும்தான் ஆடியது. இரண்டு நாள் கழித்து அதே கதை உண்மையாகிவிட்டது. இதை எவன் முன்கூட்டிக் கணிப்பான்? நாற்பது வருடம் வங்கியில் இருந்த எனக்கே முடியாது.

ஒத்திவைத்ததற்குப் பங்குச் சந்தையைவிடக் கடன் பத்திரச் சந்தைதான் காரணம் என்பது என் எண்ணம். உலகத்தில் எங்கே பயம் வந்தாலும் பணக்காரர் ஓடிப்போய் ஒளிகிற இடம் அமெரிக்கத் திறைசேரிப் பத்திரம், அந்த அரசு கடன் வாங்க விற்கிற பத்திரம். வாங்க ஆள் கூடினால் அதன் வட்டி குறையும். இந்தக் கிழமை தலைகீழ். பத்து வருடப் பத்திரத்தின் வட்டி 4 சதவீதத்துக்குப் பக்கத்திலிருந்து நாலரை வரைக்கும் ஏறியது, கூடவே டொலரும் இறங்கியது. ஒளிகிற வீட்டிலேயே ஓட்டை என்று ஆட்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆட்கள் கொஞ்சம் பயந்துபோனார்கள் என்று ட்ரம்பே ஒத்துக்கொண்டார்.

சின்ன நாட்டுக்கு இது புதிதில்லை. 2022 ஏப்ரலில் எங்கள் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. நாலு நாளில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அடுத்த கிழமை பங்குச் சந்தையை ஐந்து நாள் முழுக்கப் பூட்டினார்கள், அரை மணித்தியாலம் இல்லை. 200 ரூபாய் டொலர் 360க்குப் போனது. திறைசேரி உண்டியல் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) 30 சதவீதம் வட்டி தந்தும் வாங்கப் பயந்தார்கள். பணக்கார நாடு அந்தப் பக்கம் ஒரு அடி வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

மட்டுறுத்துநர் | 10 ஏப்ரல், காலை 11.00

"இந்த மூன்று பங்கையும் இன்றே வாங்கு, குறூப்பில் சேர்" என்று எழுதப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. அதே ஆள் மூன்றாவது தரமும் போட்டால் கணக்கே நீக்கப்படும்.

தோஹாவிலிருந்து | 12 ஏப்ரல் 2025

சேரோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் ட்ரம்ப் தலையில் கட்டுகிறோம். கொழும்புச் சந்தையில் இப்போது வாங்குகிறவர் பெரும்பாலும் உள்நாட்டு ஆட்கள். அவர்கள் ஏன் வந்தார்கள்? 2023 தொடக்கத்தில் வங்கியில் ஒரு வருடம் வைப்பு வைத்தால் இருபதுக்கு மேல் வட்டி. இன்றைக்கு எட்டைச் சுற்றித்தான். போதாததற்கு இந்த மாதத்திலிருந்து வட்டியில் பிடிக்கிற வரியை 5இலிருந்து 10 சதவீதமாக்கிவிட்டார்கள். வைப்பிலிருந்த காசு பங்குக்குப் போகாமல் எங்கே போகும்? எங்கள் சந்தையின் பெரிய ஓட்டத்துக்குக் காரணம் வைப்பு வட்டியும், 2024 நவம்பரில் பாராளுமன்றத்தில் ஒரே கட்சிக்கு 159 ஆசனம் கிடைத்ததும்தான். யார் ஆளப்போகிறார் என்ற கேள்வி ஐந்து வருடத்துக்கு இல்லை என்று ஆனதும் ஆட்கள் துணிந்தார்கள்.

மாறாகப் பார்க்க வேண்டுமென்றால் 2018. ஒக்டோபர் 26 இரவு ஒரு பிரதமரை நீக்கி இன்னொருவரை வைத்தார்கள். வெள்ளம் இல்லை, யுத்தம் இல்லை, எந்த நாடும் தீர்வை போடவில்லை. இரண்டு பிரதமர், ஒரு நாற்காலி. டிசம்பர் தொடக்கத்துக்குள் நாடுகள் கடனைக் கட்டுமா என்று புள்ளி போடுகிற மூன்று தரப்படுத்தல் நிறுவனமும் எங்கள் தரத்தைக் குறைத்துவிட்டன. ரூபாயும் இறங்கியது.

வங்கிக்காரன் (ஓய்வில்) | 12 ஏப்ரல் 2025

வைப்பு வட்டி விசயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் விட்டுவிட்டேன். ஆனால் அது ஆற்றின் ஓட்டம் மாதிரி. 7ஆம் திகதி நடந்தது வேறு, அது யாரோ கல் எறிந்தது. தம்பி கேட்டது கல்லைப் பற்றி.

ஒரு உதவிச் செய்தி: வருடத்துக்குப் பதினெட்டு இலட்சத்துக்குக் குறைந்த வருமானம் உள்ளவர் வங்கியில் சுயபிரகடனம் ஒன்றைக் கொடுத்தால் அந்த 10 சதவீதத்தைப் பிடிக்க மாட்டார்கள். ஓய்வூதியக்காரர் பலருக்கு இது தெரியாது.

கல்லடிப்பாலம் | 11 யூலை 2025

இழையைத் தூசி தட்டுகிறேன். முந்தநாள் எங்கள் ஜனாதிபதிக்கு ட்ரம்பின் கடிதம் வந்திருக்கிறது, 30 சதவீதம், ஓகஸ்ட் 1இலிருந்து. பயந்து பயந்துதான் போனைத் திறந்தேன். ஏப்ரல் மாதிரி ஒன்றும் இல்லை! 44க்கு நெஞ்சு வெடித்த சந்தை 30க்கு ஏன் சும்மா இருக்கிறது?

தோஹாவிலிருந்து | 11 யூலை 2025

பழகிவிட்டது. கடைசியில் ட்ரம்ப் எப்படியும் பின்வாங்குவார் என்று வால் ஸ்ட்ரீட்டில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். மே மாதம் சீனாவுக்கு 145 என்றதை 30 ஆக்கினார். 44ஐப் பார்த்த கண்ணுக்கு 30 பேரம் பேசக்கூடிய இலக்கமாகத் தெரிகிறது. எனக்குப் பயமே அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான்.

தையல்மெஷின் | 11 யூலை 2025

சந்தை சும்மா இருக்கலாம், நாங்கள் சும்மா இருக்கிறோம் என்று எழுதாதீர்கள்.

90 நாள் தந்ததும் என்ன நடந்தது தெரியுமா? அதற்குள் சாமான் கப்பலேற வேண்டும் என்று மே, யூன் இரண்டு மாதமும் பிழிந்தெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பஸ் வீட்டு ஒழுங்கையில் இறக்கிவிடும்போது பத்தரை ஆகும், பிள்ளை நித்திரை. காசு வந்தது, பொய் சொல்லக்கூடாது. மூன்று வருடத்துக்கு வருகிற வேலை இரண்டு மாதத்தில் வந்த மாதிரி. இப்போது லைன் காலி. பையர் கடையில் சாமான் நிரம்பியிருக்கிறதாம், பிறகு பார்ப்போம் என்கிறானாம். புதிய ஓடருக்குத் தீர்வையில் ஒரு பங்கை நீங்களும் தாங்குங்கள் என்று விலையையும் குறைக்கச் சொல்கிறானாம். இந்த மாதச் சம்பளத் துண்டில் ஓட்டி என்ற இடத்தில் பூச்சியம்.

இலங்கையின் ஆடை ஏற்றுமதியில் நூற்றுக்கு நாற்பது அளவு போகிறது அமெரிக்காவுக்குத்தானே. முந்தநாள் இரண்டு பவுண் சங்கிலியை அடகு வைத்தேன், பிள்ளையின் ரியூசனுக்கும் மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆக்கிப் போடவும்.

நெல்லுக்கணக்கு | 11 யூலை 2025

தங்கச்சி, சந்தைக்காரர் பார்க்கிறது சராசரியை. மே மாதத்தையும் யூலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நீங்கள் நல்லாய் இருக்கிறீர்கள். உலை வைக்கிறவளுக்கு மாதம் மாதமாகத்தான் வரும்.

கல்லடிப்பாலம் | 1 ஓகஸ்ட் 2025

20 சதவீதம்! முடிவாகிவிட்டதாம். 7ஆம் திகதியிலிருந்து நடைமுறை.

வங்கிக்காரன் (ஓய்வில்) | 1 ஓகஸ்ட் 2025

ஏற்கெனவே ஆடைக்கு இருந்த தீர்வைக்கு மேல் இந்த 20. ஆகவே சின்ன இலக்கம் இல்லை. ஜனவரியில் யாராவது 20 என்று சொல்லியிருந்தால் இந்த இழை முழுக்க ஒப்பாரியாக இருந்திருக்கும்.

இப்போது ஏன் நிம்மதி? ஒன்று, பங்களாதேசுக்கும் வியட்நாமுக்கும் அதே 20. பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19. பக்கத்துக் கடைக்காரனுக்கும் எனக்கும் ஒரே வாடகை என்றால் வாடிக்கையாளர் போகமாட்டார். இந்தியாவுக்கு 25 என்கிறார்கள், ரஷ்ய எண்ணெய் வாங்குகிறதற்குத் தண்டனை வேறு வருமாம். இரண்டு, இலக்கம் ஒன்று கைக்கு வந்துவிட்டது. நெல்லுக்கணக்கு நானா சொன்ன பென்சிலை எடுக்கலாம்.

தையல்மெஷின் | 3 ஓகஸ்ட் 2025

நேற்று அந்தத் துணி றோல்களில் நாலை வெட்டினார்கள். ஏப்ரலில் வந்த துணி, மேல் சுற்றெல்லாம் தூசி.

கல்லடிப்பாலம் | 13 ஒக்டோபர் 2025

சீனாவுக்கு இன்னும் 100 சதவீதம் போடுவேன் என்று வெள்ளிக்கிழமை ட்ரம்ப் எழுதியதும் எஸ் அன்ட் பி 500 2.7 சதவீதம் இறங்கியதாம். இன்று காலை போனைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். வங்கிப் பங்கு அப்படியே இருக்கிறது. ஏப்ரலில் விற்றதன் விலையை மட்டும் பார்ப்பதில்லை என்று சத்தியம். மனுசிக்கும் சொல்லிவிட்டேன். 31,000 கதையைச் சொல்லவில்லை.

தையல்மெஷின் | 13 ஒக்டோபர் 2025

வங்கிச் சேருக்கு ஒரு கேள்வி. யூலையில் அடகு வைத்த சங்கிலியைப் பற்றி வெள்ளிக்கிழமை வங்கியில் கேட்டேன். அதே சங்கிலிக்கு இப்போது கூடுதலாகக் காசு தரலாமாம். நான் ஒன்றும் செய்யவில்லையே, சங்கிலி பெட்டிக்குள் கிடந்தது.

வங்கிக்காரன் (ஓய்வில்) | 13 ஒக்டோபர் 2025

பிள்ளை, ஏப்ரலில் சொன்னேனே, ஒளிகிற வீட்டில் ஓட்டை என்று. அங்கிருந்து வெளிக்கிட்டவர்கள் தங்கத்துக்குள் ஒளிகிறார்கள். மார்ச்சில் அவுன்ஸ் 3,000 டொலரைத் தாண்டியது, இந்த மாதம் 4,000ஐத் தாண்டிவிட்டது. அவுன்ஸ் என்பது 31.1 கிராம். 4,000ஐ அதால் வகுத்து, ஒரு பவுணுக்கு உள்ள 8 கிராமால் பெருக்கினால் 1,029 டொலர். 22 கரட் என்றால் 943. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஒரு பவுண் 283,000. கடை விலை இதற்கும் மேலே நிற்கும். உங்கள் ஓட்டியை வெட்டிய அதே குழப்பம்தான் உங்கள் சங்கிலியின் விலையையும் ஏற்றியிருக்கிறது.

கூடத் தருகிறார்கள் என்று கூட எடுக்காதீர்கள். விலை இறங்கினால் மீட்கிறது கடினம்.

தையல்மெஷின் | 13 ஒக்டோபர் 2025, இரவு 9.50

எடுக்கவில்லை சேர், மீட்கப்போகிறேன். போன மாதம் ஓட்டி கொஞ்சம் வந்தது. தீபாவளிக்குக் கழுத்தில் கிடக்கட்டும். மூன்று மாதம் நாலு நாள் ஆகிறது, நாலு மாத வட்டி எடுப்பார்களா?

வங்கிக்காரன் (ஓய்வில்) | 13 ஒக்டோபர் 2025, இரவு 10.10

அது வங்கிக்கு வங்கி வேறுபடும். அடகுத் துண்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும், வாசித்துப் பாருங்கள். அடையாள அட்டையையும் கொண்டு போங்கள், ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். தீபாவளிக் கிழமை, வரிசை நீளும்.